எல்லாம் பேசலாம், செய்தியைத் தவிர!

காலை ஏழேகால் மணி டெல்லிச் செய்தி என்றால் ஒரு தலைமுறைக்கே தெரியும். டீக்கடையில் பாய்லருக்கு மேலே பலகையில் ரேடியோ இருக்கும். அதுவரை பாட்டுக்கு ஏற்ப டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் சத்தத்தைக் கூட்டி வைப்பார். பெஞ்சில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். ‘ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி’ என்று அந்தக் கம்பீரமான குரல் ஆரம்பித்தால், பிரதமர் மாறியதோ புயல் சின்னமோ எதுவானாலும் முதலில் அங்கேதான் ஊருக்குத் தெரியவரும். 2022 ஆகஸ்டில் அவர் மறைந்தபோது, அவர் முகத்தை ஒருநாளும் பார்த்திராத எத்தனையோ பேர் சொந்த வீட்டு மனுஷி போய்விட்டதுபோல் வருந்தினார்கள். காலையில் காதில் விழும் குரலுக்கு அந்த உரிமை உண்டு.

இன்றைக்கும் அதே நேரத்தில் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான ரேடியோக்கள் பாடுகின்றன, பேசுகின்றன. ஆட்டோவில், மாவு மில்லில், திருப்பூர் பனியன் கம்பெனியில், இட்லி வேகும் அடுப்படியில் எங்கும் எஃப்.எம். ஓடுகிறது. பேச்சுக்கும் சிரிப்புக்கும் குறைவில்லை. ஆனால் நேற்றிரவு உங்கள் ஊரில் என்ன நடந்தது என்பதை, உங்கள் ஊரில் இருக்கும் தனியார் வானொலி நிலையம் தன் சொந்தப் பொறுப்பில் உங்களுக்குச் சொல்லக் கூடாது. இந்திய அரசின் விதி அப்படி. கால் நூற்றாண்டாகத் தொடரும் இந்தத் தடையைப் பற்றித் தமிழ்நாட்டில் யாரும் வாய் திறப்பதில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

காலை வானொலி ஓர் ஊரை என்ன செய்ய முடியும் என்பதற்குப் பழைய சாட்சிகள் நம்மிடமே இருக்கின்றன. மதராஸில் தனியார் ஆர்வலர்கள் சேர்ந்து வானொலிக் கழகம் அமைத்தது 1924-ல். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் வந்தன. அறுபதுகளில் திருச்சி நிலையத்தின் பண்ணை இல்ல ஒலிபரப்பு, தஞ்சை மாவட்ட விவசாயிகளுக்கு ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைப் பற்றி விடாமல் எடுத்துச் சொன்னது. எப்போது விதைக்க வேண்டும், எவ்வளவு உரம், என்ன பூச்சி வரும் என்று ஒவ்வொன்றாக. அதைக் கேட்டு விதைத்தவர்கள் அந்த ரகத்துக்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’.

அதே பண்ணை ஒலிபரப்பு வழியாக வானொலிக்குள் வந்தவர்தான் தென்கச்சி கோ. சுவாமிநாதன். விவசாயப் பட்டதாரி. சென்னை நிலையத்தில் அவர் தினமும் வழங்கிய ‘இன்று ஒரு தகவல்’ சில நிமிடங்கள்தான் வரும். ஒரு சின்னச் சேதி, அதற்கு ஒரு விளக்கம், முடிவில் ஒரு குட்டிக் கதை. குரலை உயர்த்த மாட்டார், சிரிப்புக் கதையைச் சொல்லும்போதும் அவர் சிரிக்க மாட்டார். கேட்கிறவர் வயிறு குலுங்கச் சிரிப்பார்; கொஞ்ச தூரம் நடந்த பிறகு அதற்குள் இருந்த விஷயம் உறைக்கும். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளையும் பென்ஷன் வாங்கும் தாத்தாவும் ஒரே நேரத்தில் காது கொடுத்த நிகழ்ச்சி அது. செய்தி, சான்றோர் சிந்தனை, சந்தை நிலவரம், தென்கச்சி, அப்புறம் பாட்டு. உலகமும் ஊரும் வீடும் ஒரே காலைக்குள் அடங்கியிருந்தன.

நம் நிலையங்கள் மட்டுமல்ல, பாக் நீரிணையைத் தாண்டி வந்த இலங்கை வானொலியின் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டே விடிந்த வீடுகள் தென்மாவட்டங்களில் ஏராளம். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்களை நட்சத்திரங்களாகக் கொண்டாடும் பழக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நிலையம்தான்.

தனியார் எஃப்.எம். 2001-ல் பெங்களூரில் முதல் அடி எடுத்து வைத்தது. அதன்பின் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, நெல்லை, தூத்துக்குடி, சேலம், ஈரோடு, வேலூர் என்று ஊர் ஊராக வந்து சேர்ந்தது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஏட்டுத் தமிழில் இறுகிப் போயிருந்த மைக்கில் தெருத் தமிழை உட்கார வைத்தவர்கள் ஆர்.ஜே.க்கள் எனப்படும் அதன் தொகுப்பாளர்கள்தான். கோவையில் ‘என்னங்க, சாப்டீங்ளா’ என்றும், நெல்லையில் ‘என்னல, சொகமா இருக்கியா’ என்றும் ரேடியோ கேட்டபோது, தங்கள் பேச்சுக்கும் ஒலிபரப்பில் இடம் உண்டு என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தோன்றியது. கல்லூரிக்குப் போகும் பெண்ணும் ஷேர் ஆட்டோ ஓட்டுநரும் போன் போட்டு நாலு வார்த்தை பேச முடிந்தது. பேச்சு வானொலிக்கு ஆணிவேரே அதுதான்.

ஏழிலிருந்து எட்டு வரை

எந்த ஊர் எஃப்.எம். ஆனாலும் காலை ஏழிலிருந்து எட்டு வரை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பாட்டு, நகைக்கடை விளம்பரம், ஜவுளிக்கடை விளம்பரம், எந்தச் சாலையில் நெரிசல் என்ற தகவல், ராசி பலன், சினிமாச் சேதி, ‘மாமியார் கையால் சாப்பிட்டதில் பிடித்தது எது’ என்பது மாதிரி ஒரு கேள்வி, அதற்கு நேயர்கள் போனில் சொல்லும் பதில், மறுபடியும் பாட்டு. நிகழ்ச்சிக்கு வரும் முன் அந்த ஆர்.ஜே. நாலு பத்திரிகைகளைப் புரட்டியிருப்பார். ஊரில் குடிதண்ணீர் வந்து பத்து நாளாகிறது என்று அவருக்குத் தெரியும். அவர் வீட்டிலும் வந்திருக்காது. நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறப்பார்கள் என்று அறிவிக்கலாம். ஏன் பத்து நாளாக வரவில்லை, டெண்டர் எடுத்தவர் யார், வார்டு கவுன்சிலர் என்ன சொல்கிறார் என்று விசாரித்துச் சொன்னால் அது செய்தி. செய்தி என்றால் தடை.

விதியின் வாசகம் இதைத்தான் செய்கிறது. விளையாட்டு, போக்குவரத்து, வானிலை, பண்பாட்டு நிகழ்ச்சிகள், திருவிழாக்கள், தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர், இயற்கைச் சீற்றம், சுகாதார எச்சரிக்கை ஆகியவை குறித்த தகவல்களெல்லாம் செய்தி அல்ல என்று ஒதுக்கிவைத்து, அவற்றைத் தனியார் நிலையங்கள் சொல்லிக்கொள்ளலாம் என்கிறது. செய்தி வேண்டுமென்றால் ஆகாசவாணியின் செய்தியறிக்கையை ஓர் எழுத்தும் மாற்றாமல் மறு ஒலிபரப்புச் செய்யலாம் என்று 2011-ல் வந்த மூன்றாம் கட்டக் கொள்கை கதவை ஒரு விரற்கடை திறந்தது. 2019 ஜனவரியில் அந்த அறிக்கைகளைக் கட்டணமில்லாமல் தரவும் அரசு முன்வந்தது. ஆனால் பெரும்பாலும் டெல்லியிலும் மாநிலத் தலைநகரிலும் தொகுக்கப்படும் அறிக்கையில் கோவில்பட்டி பேருந்து நிலையத்தின் கதை எப்படி வரும்?

இந்த நிலையங்களை நடத்துவது யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் துலங்கும். ஹலோ எஃப்.எம். தினத்தந்தி குழுமத்தைச் சேர்ந்தது. சூரியன் எஃப்.எம். சன் குழுமத்தைச் சேர்ந்தது. மிர்ச்சி, டைம்ஸ் ஆஃப் இந்தியா வீட்டுப் பிள்ளை. மாவட்டத்துக்கு மாவட்டம் நிருபர்களும், இருபத்துநான்கு மணி நேரச் செய்தி சேனலும், அச்சாகும் நாளிதழும் கையில் வைத்திருப்பவர்கள் இவர்கள். தினத்தந்தியில் காலையில் அச்சான சேதியை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் உரக்கப் படிக்கலாம், பத்துப் பேர் கேட்கலாம். அதே சேதியை அதே நிறுவனத்தின் ரேடியோ செய்தியாக வாசிக்க முடியாது. முந்நூறுக்கும் மேற்பட்ட செய்தி சேனல்களுக்கு அனுமதி கொடுத்திருக்கும் ஒரு நாட்டில், கையில் செல்போன் இருக்கும் எவரும் யூடியூப் சேனல் தொடங்கிச் செய்தி சொல்லும் காலத்தில், வானொலிக்கு மட்டும் வாய்ப்பூட்டு.

தூத்துக்குடியில் அந்த நாட்கள்

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன மக்கள்மீது நடந்த துப்பாக்கிச்சூட்டிலும் வன்முறையிலும் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் துண்டிக்கப்பட்டது. வாட்ஸ்அப் இல்லை, ஃபேஸ்புக் இல்லை. தூத்துக்குடியில் பஸ் ஓடவில்லை, கடைகள் மூடிக் கிடந்தன. வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு அடுத்த தெருவில் என்ன நடக்கிறது என்று தெரியாத நாட்கள் அவை.

அந்த ஊரில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் இருக்கின்றன. ஆர்.ஜே.க்கள் அதே ஊர்ப் பிள்ளைகள், நேயர்களை நன்றாகத் தெரிந்தவர்கள். பஸ் ஓடவில்லை என்ற தகவலை விதிப்படி அவர்கள் சொல்லலாம். எதனால் ஓடவில்லை, யார் இறந்தார்கள், மருத்துவமனையில் நிலைமை என்ன, பரவும் வதந்திகளில் எது பொய் என்று விசாரித்துச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. இணையம் அணைந்த பிறகு, மின்சாரம்கூடத் தேவைப்படாமல் இரண்டு பேட்டரியில் ஓடக்கூடிய ஒரே ஊடகம் வானொலி. வதந்தியைத் தடுக்கத்தான் இணையத்தை நிறுத்தினோம் என்றால், நம்பகமான உள்ளூர்க் குரல் ஒன்று அப்போது பேசியிருக்க வேண்டாமா? அந்த வாரத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடுவதில்லை.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை இதன் மறுபக்கத்தைப் பார்த்தது. செல்போன் கோபுரங்கள் ஓய்ந்துபோன பகுதிகளில் ரேடியோ உயிரோடு இருந்தது. எந்தப் பகுதியில் படகு வேண்டும், எங்கே சாப்பாடு இருக்கிறது, எங்கே பால் பவுடர் தேவை என்று எஃப்.எம். நிலையங்கள் கேட்டுக் கேட்டுச் சொல்லின. ஆர்.ஜே. பாலாஜி மாதிரி கேலிக்கும் கலகலப்புக்கும் பேர்போன குரல்கள், நிவாரணத்தை ஒருங்கிணைக்கும் குரல்களாக மாறின. இயற்கைச் சீற்றம் என்பதால் விதி அதற்கு இடம் கொடுத்தது. அத்தனை பொறுப்பாக நடந்துகொண்டவர்களை, வெள்ளம் வடிந்த மறுநாள், ‘ஏரித் தண்ணீர் ஏன் அப்படித் திறக்கப்பட்டது’ என்று விசாரிக்க மட்டும் நம்ப மாட்டோம் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

சட்டம் இந்தப் பக்கம்தான் சாய்கிறது என்று நினைக்கிறேன். 1993-ல் நடந்த ஹீரோ கோப்பைக் கிரிக்கெட்டை யார் ஒளிபரப்புவது என்ற சண்டை உச்ச நீதிமன்றம்வரை போனது. 1995 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு கிரிக்கெட்டைத் தாண்டிப் போய், காற்றலைகள் பொதுச் சொத்து என்றது. அந்தத் தீர்ப்பின் தெம்பில்தான் தனியார் வானொலியும் உள்ளூர் மக்களுக்கான சமுதாய வானொலியும் முளைத்தன. செய்தித் தடையை எதிர்த்து ‘காமன் காஸ்’ அமைப்பு 2013-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது. இத்தனை நிலையங்கள் என்ன பேசுகின்றன என்று கண்காணிக்க ஏற்பாடு இல்லை, அதனால் பாதுகாப்புக்கு ஆபத்து வரலாம் என்பது மத்திய அரசின் பதில்.

அந்தப் பயத்தை நான் அலட்சியமாக ஒதுக்க மாட்டேன். வானொலிப் பேச்சு எவ்வளவு கொடியதாக மாறும் என்பதற்கு ருவாண்டா இருக்கிறது. 1993-ல் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் நிலையம், பாட்டும் நையாண்டியும் நேயர் அரட்டையுமாக இளைஞர்களைப் பிடித்தது. 1994 ஏப்ரலில் இனப்படுகொலை தொடங்கியதும் அதே குரல்கள் யாரைத் தேடிப் பிடித்துக் கொல்ல வேண்டும் என்று சொல்லின. அதன் நிறுவனர்களைச் சர்வதேசத் தீர்ப்பாயம் 2003-ல் தண்டித்தது. ஆனால் அந்த நிலையம் ஆட்சியாளர்களின் கண்ணுக்குத் தப்பி நடக்கவில்லை. ஆட்சிக்கு நெருக்கமானவர்களே அதை நடத்தினார்கள். எதிர்த்துப் பேசச் சமமான வேறு குரல் இல்லாததும் அங்கே பெரிய கேடாக முடிந்தது. அமெரிக்காவிலும் ஒரு பாடம் உண்டு. சர்ச்சைக்குரிய விஷயங்களில் இரு தரப்புக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற விதியை 1987-ல் நீக்கினார்கள். மறு வருடமே வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுக்க ஒலிக்கத் தொடங்கியது, ஒருபக்கப் பேச்சே வானொலியின் பெரிய வியாபாரமானது. ஆகவே செய்தியைத் திறந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள் என்று யாரும் கேட்கவில்லை. நெறிமுறையோடு திற என்பதே கோரிக்கை. அதற்கான அடித்தளமும் இங்கே உண்டு. தனியார் நிலையங்களும் ஆகாசவாணியின் நிகழ்ச்சி நெறிமுறைக்குக் கட்டுப்பட்டவை. சமுதாய வானொலிகள் ஒலிபரப்பியதையெல்லாம் மூன்று மாதம் பதிவாக வைத்திருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. பதிவு இருக்கும்போது கண்காணிக்க வழியில்லை என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

கொழும்பில் சக்தி, சூரியன் போன்ற தனியார் தமிழ் நிலையங்கள் தங்கள் செய்தியைத் தாங்களே வாசிக்கின்றன. சிங்கப்பூரில் ஒலி 96.8-ம் மலேசியாவில் மின்னலும் காலை நிகழ்ச்சியோடு செய்தியையும் நடப்பு விவகாரங்களையும் கலந்துதான் தருகின்றன. ஆஸ்திரேலியாவில் எஸ்.பி.எஸ். தமிழில் செய்தியும் நேர்காணலும் உண்டு. தமிழில் வானொலிச் செய்தி கேட்கும் இந்தச் சாதாரண வசதி, தமிழர்கள் அதிகம் வாழும் மாநிலத்தில் ஆகாசவாணியோடு நின்றுவிடுகிறது.

ஏட்டளவில் ஒரு நல்ல சேதி இருக்கிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2023 செப்டம்பரில் தனியார் எஃப்.எம். நிலையங்கள் மணிக்குப் பத்து நிமிடம் செய்தியும் நடப்பு விவகாரமும் ஒலிபரப்பலாம் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. பத்து நிமிடம் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். வானொலியில் அது பெரிய நிலம். தென்கச்சி ஒரு தலைமுறைக்குச் சிரிக்கவும் சிந்திக்கவும் கற்றுக்கொடுக்க அதைவிடக் குறைவான நேரமே எடுத்துக்கொண்டார்.

யாருக்காக இவ்வளவு மல்லுக்கட்டுவது என்று கேட்டால், கடையம், ஆலங்குளம் பக்கம் போய்ப் பாருங்கள். திண்ணையில் காலை நீட்டி, மடியில் சொளவை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். தகட்டை வைத்து இலையை வெட்டி, தூளைப் பரப்பி, சுருட்டி, நூல் கட்டி, முனையை மடிப்பதற்குள் கண் அங்கே இங்கே நகரக் கூடாது. ஆயிரம் பீடிக்குத்தான் கூலி. பத்திரிகை விரிக்கவோ செல்போனில் விரலை வைக்கவோ அவர்களுக்குக் கை ஒழியாது. காது மட்டும் ஒழிவாக இருக்கிறது. பஸ் ஓட்டுநருக்கும், தறி நெய்கிறவருக்கும், மூன்று பேருக்குச் சாப்பாடு கட்டும் அம்மாவுக்கும் அப்படித்தான். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பார்வை இல்லாதவருக்கும் சொல்லவே வேண்டாம். இவர்களுடைய கூலி, ரேஷன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் பற்றிய செய்திதான் இவர்கள் காதுக்கு வராமல் நிற்கிறது.

சமுதாய வானொலி இந்த இடத்தை நிரப்பும் என்று நான் நம்பினேன், இன்னும் நம்புகிறேன். நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி சென்னையில்தான் பிறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று தொடங்கிய அண்ணா எஃப்.எம். அது. பாம்பனில் 2016-லிருந்து மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை 90.4’ இயங்குகிறது. காற்றின் வேகம் என்ன, அலை எவ்வளவு உயரம், இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா என்பதை அவர்கள் பாஷையிலேயே சொல்கிறது, கடல்வளத்தைக் காப்பது பற்றியும் பேசுகிறது. சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் சக்தி 100 வாட்தான். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்டால் பெரிது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு அது உயிர்நாடி. ஆனால் எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகும் ஆட்களும் பிடிபட்டால், அந்த வீடுகளைச் சேர்ந்தவர்களே நடத்தும் ஒரு வானொலி அதைத் தானே விசாரித்துச் செய்தியாகச் சொல்ல முடியாது. அவர்களுக்கும் ஆகாசவாணி அறிக்கைதான்.

செய்தி அனுமதி வந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். விளம்பரத்தில் ஓடும் நிலையம் நிருபருக்குச் சம்பளம் கொடுக்குமா? பெரிய ஜவுளிக்கடையின் விளம்பரத்தை வாங்கிக்கொண்டு, அந்தக் கடையில் பெண்கள் உட்காரக்கூட முடியாமல் நாளெல்லாம் நிற்பதைப் பேசுமா? சென்னையில் தயாரித்த ஒரே செய்தியை எல்லா ஊருக்கும் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்குமா? இந்தச் சந்தேகங்கள் நியாயமானவை. அனுமதி கொடுக்கும்போதே, செய்தி நேரத்தில் பாதியாவது அந்த மாவட்டத்துச் செய்தியாக இருக்க வேண்டும், அந்த ஊரிலேயே நிருபர் இருக்க வேண்டும், சமுதாய வானொலிகளுக்கும் இதே உரிமை வேண்டும் என்று நிபந்தனை வைக்க அரசால் முடியும். இதைக் கேட்டுப் பெற நேயர்கள் சத்தம் போட வேண்டும். வானொலியைக் கேட்கும் கருவியும் கைவசம் இருக்க வேண்டும். புதுச் செல்போன்கள் பலவற்றில் எஃப்.எம். வேலை செய்வதில்லை. ஹெட்போன் ஒயர்தான் ஆன்டெனா என்பதால், அதைச் சொருகும் துளையை எடுத்தவுடன் ரேடியோவும் போய்விடுகிறது. எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று 2023-ல் மத்திய அரசே செல்போன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

2024-ல் நாடு முழுக்க 113 நகரங்களில் 388 தனியார் நிலையங்கள் இருந்தன. இன்னும் 234 ஊர்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பட்டியலில் தஞ்சாவூர், திண்டுக்கல், கரூர், காரைக்குடி, ராஜபாளையம் எல்லாம் இருக்கின்றன. தஞ்சாவூரில் ஒரு எஃப்.எம். நிலையம் வந்து, காலை ஏழு மணிக்கு மைக்கைத் திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு என்றைக்கு வருகிறது என்று அது சொல்லலாம், தடையில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு எவ்வளவு கையூட்டு கேட்கிறார்கள், நெல் ஏன் பத்து நாளாக மழையில் கிடக்கிறது என்று ஒரு விவசாயியை வைத்துப் பேச இன்றைய விதியில் வழி கிடையாது. டிராய் சொன்ன பத்து நிமிடத்தை அந்த ஊர்களுக்கு உரிமம் எழுதும்போதே சேர்த்து எழுத வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரிடம் அடுத்த கூட்டத்தொடரிலேயே கேட்க வேண்டியது இதைத்தான்.